கரண்டியிலும் முகம் தெரியும்: ஒரு க்யூ6600 ப்ராசஸரைத் தேய்த்த கதை

2010 கோடையில் என் சித்தி பையனின் கம்ப்யூட்டருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருந்தது. காலையில் எவ்வளவு ரெண்டர் கொடுத்தாலும் சமர்த்தாகச் செய்யும். மதியம் ஒன்றரை, இரண்டு மணி தாண்டினால் நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கோவையில் அவன் குடியிருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. ஏப்ரல் மாதம் அந்த நேரத்தில் அறைக்குள்ளேயே 35 டிகிரி. "அண்ணா, ரேம் போயிருக்குமா?" என்று போன் செய்தான். வெயிலோடு வந்து வெயில் தாழ்ந்ததும் போகிற கோளாறு என்றால் ரேமை அப்புறம் பார்க்கலாம், முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே இருந்தது இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600. 2007 ஜனவரியில் வந்து, அந்த ஜூலையிலேயே 266 டாலருக்கு விலை இறங்கியதும் ஓவர்கிளாக் (கம்பெனி சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) பிரியர்களின் செல்லப்பிள்ளையாகிவிட்ட ப்ராசஸர். பஸ் என்ற அடிப்படைத் துடிப்பு 266 மெகாஹெர்ட்ஸ், அதன் பெருக்கி 9, ஆக 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது கம்பெனிக் கணக்கு. பையன் பஸ்ஸை 378 வரை ஏற்றி 3.4இல் ஓட்டிக்கொண்டிருந்தான். ப்ராசஸரின் உலோக மூடியில் எஸ்எல்ஏசிஆர் என்று பொறித்திருந்தது. அதாவது பின்னால் வந்த ஜி0 ரகம். முதலில் வந்த பி3 ரகத்துக்கு 105 வாட் என்றால் இதற்கு 95. ஆனால் அந்த 95 வாட் 2.4இல் ஓடும்போதுதான். வோல்டேஜும் ஏற்றி 3.4இல் ஓட்டினால் என் மதிப்பில் 150 வாட்டை ஒட்டி வரும். அவ்வளவு சூடும் பிறப்பது தலா 143 சதுர மில்லிமீட்டர் உள்ள இரண்டு சிலிக்கான் துண்டுகளில். ஆம், க்யூ6600 உண்மையில் ஒரே சில்லு இல்லை. இரண்டு இரட்டைக் கோர் சில்லுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மூடி போட்டது. கோர் 0, 1 ஒரு துண்டு. கோர் 2, 3 இன்னொரு துண்டு. இந்த விவரம் பின்னால் ரொம்ப உதவியது.

சூடு வெளியேறும் வழியைப் பார்ப்போம். சிலிக்கானிலிருந்து இண்டியம் சால்டர் (இரண்டையும் ஒட்டவைக்கும் உலோகப் பற்று), அதிலிருந்து நிக்கல் முலாம் பூசிய செம்பு மூடி, மூடியிலிருந்து இடைவெளியை நிரப்பும் தெர்மல் பேஸ்ட், பேஸ்டிலிருந்து கூலரின் அடிப்பாகம். செம்பின் வெப்பக் கடத்தும் திறன் (மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்) சுமார் 400, இண்டியம் 80 சொச்சம், நல்ல பேஸ்ட் 5 முதல் 10, காற்று 0.026. நாலுவழிச் சாலை இரண்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரிதான் பேஸ்ட். அந்தப் பாதையை அகலப்படுத்த முடியாது, நீளத்தைக் குறைக்கலாம். இரண்டு பரப்பும் மட்டமாக இருந்தால் பேஸ்ட் படலம் மெல்லியதாகும், அவ்வளவுதான். மூடியைத் தேய்க்கும் வேலையின் மொத்தத் தத்துவமும் இதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் எடுத்தவுடன் உப்புத்தாளைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என்ன ஆனது என்றே தெரிந்திருக்காது.

முதலில் அளவை ஒழுங்குபடுத்தினோம். பயாஸில் வோல்டேஜை ஆட்டோவிலிருந்து எடுத்து ஒரே எண்ணில் நிறுத்தினோம், ஃபேன் வேகத்தையும் அப்படியே. ப்ராசஸருக்கு முழுப் பாரம் கொடுக்கும் ப்ரைம்95 என்ற மென்பொருள் அரை மணி நேரம் ஓடும். கோர் டெம்ப் என்ற மென்பொருள் காட்டும் நான்கு கோர்களின் வெப்பநிலைச் சராசரியை எடுத்து, பெட்டியின் காற்று நுழையும் பக்கம் தொங்கவிட்ட தெர்மாமீட்டரின் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருவது 'அறைக்கு மேல் எத்தனை டிகிரி' என்ற கணக்கு. கோவையில் காலை 28 டிகிரிக்கும் மதியம் 35 டிகிரிக்கும் நடுவே இந்தக் கழித்தல் இல்லாமல் சொல்லும் எந்த வெப்பநிலைக்கும் அர்த்தமில்லை. இன்னொன்று: இந்த ப்ராசஸரின் சென்சார், தான் தாங்கக்கூடிய உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், அதுவும் ஒரு டிகிரிப் படிகளில். சும்மா இருக்கும்போது அது காட்டும் எண்ணை நம்பவே கூடாது. முழுப் பாரத்தில் ஓரளவு நம்பலாம். அரை மணி நேரம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது கேட்க எளிது. அப்போது தினமும் கரண்ட் கட் இருந்த காலம். கட் நேரம் பார்த்துத்தான் சோதனை போட முடிந்தது.

வந்த நிலையில் அளந்தபோது அறைக்கு மேல் 47 டிகிரி. மதியம் 35 சேர்த்தால் 82. ஓவர்கிளாக் செய்த ப்ராசஸர் அந்தச் சூட்டில் தள்ளாடுவதில் அதிசயமில்லை.

கூலரைக் கழற்றினோம். பேஸ்ட் காய்ந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவது போலப் பொரிந்திருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வைத்து மாட்டினோம். மூன்று முறை கழற்றி, துடைத்து, மாட்டி அளந்தோம். 42, 43, 44. சராசரி 43. ஆக நாலு டிகிரி வெறும் பேஸ்ட் மாற்றியதாலேயே போய்விட்டது. கழற்றி மாட்டுவதில் மட்டுமே ஒரு டிகிரி மேலே கீழே ஆடுகிறது என்பதும் தெரிந்தது. பழைய பேஸ்டோடு ஒரு அளவு, தேய்த்தபின் புதுப் பேஸ்டோடு ஒரு அளவு, வித்தியாசம் ஒன்பது டிகிரி, எல்லாம் தேய்ப்பின் மகிமை என்று சொல்லிவிடுவது சுலபம். நிறையப் பேர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மூடியைப் பார்த்தோம். புது ஷேவிங் பிளேடை நிமிர்த்தி மூடியின் மேல் குறுக்காக வைத்து, பின்னால் டார்ச் அடித்தால் மட்டமான பரப்பில் வெளிச்சம் கசியாது. இங்கே இரண்டு ஓரத்திலும் பிளேடு உட்கார்ந்திருந்தது, நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு. பட்டறையிலிருந்து ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய எஃகு இதழ்கள்) வாங்கி வந்து, பிளேடுக்குப் பதில் எஃகு ஸ்கேலை வைத்து விட்டுப் பார்த்ததில் 0.05 மி.மீ. இதழ் நடுவே நுழைந்தது, 0.10 நுழையவில்லை. தலைமுடி கனத்துக்கு ஒரு பள்ளம், அதுவும் சரியாகச் சிலிக்கானுக்கு மேலே. அந்தக் காலத்து எல்ஜிஏ775 சாக்கெட்டுக்கான ப்ராசஸர்களில் மூடியின் நடு லேசாகக் குழிந்திருப்பது சகஜம். செம்புத் தகட்டை அச்சில் அழுத்தி எடுப்பது, கீழே சால்டர் ஊற்றி ஆறவிடுவது, இதற்கெல்லாம் நடுவில் மட்டம் கொஞ்சம் விலகத்தான் செய்யும். கம்பெனி உத்தரவாதம் தருவது 2.4க்குத்தானே, 3.4க்கு இல்லையே.

சரி, தேய்ப்பது என்று முடிவானது. வாரண்டி போகும், எஸ்எல்ஏசிஆர் என்ற எழுத்தும் சேர்ந்து போகும், நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் நம்பமாட்டான் என்று பையனிடம் சொன்னேன். "போகட்டும் அண்ணா" என்றான். அவனுக்குக் கிளையன்ட் கெடு இருந்தது.

எல்ஜிஏ775 ப்ராசஸருக்கு அடியில் ஊசிகள் கிடையாது, தங்க முலாம் பூசிய தட்டைப் புள்ளிகள்தான். நடுவில் குட்டிக் கெபாசிட்டர்கள். அந்தப் பக்கம் முழுதும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடினோம். செம்புத் தூள் மின்சாரம் கடத்தும், கெபாசிட்டர் இடுக்கில் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. போட்டோ ஃபிரேமிலிருந்து எடுத்த கண்ணாடி, அதன் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூடத் துகள் நுண்ணியது), நான்கு மூலையிலும் பஞ்சு வைத்த டபுள் சைடு டேப். மூடியின் மேல் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டேன். எங்கே மை அழிகிறதோ அது மேடு.

இருபது இழுப்பில் நான்கு மூலையிலும் மை போனது. நாற்பதில் நிக்கல் போய்ச் செம்பு எட்டிப் பார்த்தது. சுற்றிலும் செம்பு, நடுவே வெள்ளியாக ஒரு தீவு, அதன் மேல் அழியாத மார்க்கர் கட்டம். குழியின் வரைபடத்தை மூடியே வரைந்து காட்டியது போல இருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தீவு சுருங்கிக்கொண்டே வந்து, முக்கால் மணி நேரத்தில் மறைந்தது. 800, 1000, 1500, 2000 என்று ஏறினோம். கடைசியில் செம்பு புது விளக்கு மாதிரி ஆகி, என் மூக்குக் கண்ணாடியின் ஃபிரேம் அதில் தெரிந்தது. பையன் போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

மாட்டி அளந்தோம். 42. இரண்டு மணி நேர உழைப்புக்கு ஒரே ஒரு டிகிரி. அதுவும் கழற்றி மாட்டும் ஆட்டத்துக்குள் அடங்கிவிடும் ஒரு டிகிரி. சராசரியை விட்டுவிட்டுக் கோர் கோராகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோர் 0, 1 இரண்டும் முன்பைவிட மூன்று டிகிரி குறைந்திருந்தன. கோர் 2, 3 ஒரு டிகிரி கூடியிருந்தன. தேய்ப்பதற்கு முன் இரண்டு ஜோடிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தவை. ஒரு சில்லுக்கு நல்லது செய்துவிட்டு, இன்னொன்றின் மேல் மூடியைக் கெடுத்திருந்தேன்.

கோவை கணபதி பகுதியில் தெரிந்த லேத் பட்டறை ஒன்று உண்டு. ஃபீலர் கேஜ் கொடுத்ததும் அவர்கள்தான். அங்கே வெகு காலம் ஃபிட்டராக இருந்த ஒரு அண்ணனிடம் ப்ராசஸரைக் காட்டினேன். பளபளப்பைப் பார்த்து அசந்துபோவார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு. அவர் அதை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா மூஞ்சி தெரியுதுங்க தம்பி. ஆனா கரண்டியிலயும்தான் மூஞ்சி தெரியுது."

சர்ஃபேஸ் பிளேட்டை (மட்டம் பார்க்க வைத்திருக்கும் துல்லியமான தட்டு) துடைத்து, அதன் மேல் ப்ரஷியன் ப்ளூ என்ற நீல மையை விரல் நுனியில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவினார். மூடியைக் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல் ஒரு சுழற்று சுழற்றி எடுத்தார். முழுப் பரப்பிலும் நீலம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தது புளியங்கொட்டை அளவு ஒரு திட்டில், அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக. குழிந்திருந்த மூடியை நான் முதுகு தூக்கிய மூடியாக மாற்றியிருந்தேன், முதுகும் கோணலாக. வெள்ளித் தீவு மறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தது தப்பு. மிகப் பள்ளமான இடம் வரை தேய்ந்துவிட்டது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அதற்குள் ஓரங்கள் அதைவிடக் கீழே போயிருக்கலாம்.

காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். "தாளை எதுல ஒட்டுனீங்க?" பஞ்சு டேப் என்றேன். சிரித்தார். மூலையில் மட்டும் ஒட்டிய தாள், பொருளை முன்னால் தள்ளும்போது அதற்கு முன்னே சின்ன அலையாக எழும்பும். அந்த அலை முன்விளிம்பைத் தின்றுகொண்டே இருக்கும். போதாததற்கு நான் வலது கைக்காரன், கட்டைவிரலால் ஒரே பக்கம் அழுத்தியிருக்கிறேன். போட்டோ ஃபிரேம் கண்ணாடி வேறு மெல்லியது, அழுத்தினால் வளையும்.

ஆனால் கையால் தேய்த்தாலே மட்டம் விலகும் போக்கு இருக்கத்தான் செய்கிறது. டெலஸ்கோப் ஆடி செய்கிறவர்கள் இதையே நம்பித்தான் வேலை செய்கிறார்கள். இரண்டு வட்டக் கண்ணாடிகளை நடுவில் மணல் போட்டு ஒன்றின் மேல் ஒன்று தேய்த்தால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது முதுகு தூக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே மட்டமில்லை. மட்டம் வேண்டுமென்றால் மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்ற முறையை ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரையில் விளக்கினார். சர்ஃபேஸ் பிளேட்டுக்குப் பின்னால் இருப்பது இந்த முறைதான். நான் இரண்டு மணி நேரத்தில் வீட்டு மேசையில் அதைத் தாண்டிவிடலாம் என்று கிளம்பியிருந்தேன்.

தேய்க்க அவருடைய சர்ஃபேஸ் பிளேட்டைத் தரமுடியுமா என்று கேட்டது என் அடுத்த தவறு. உப்புத்தாள் அதன் பக்கத்தில் வரவே கூடாதாம். 8 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். தாளின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து கண்ணாடியோடு அப்படியே படியவிட்டார். டேப்பே வேண்டாம். விரல்களை மூடியின் பக்கவாட்டில் எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே வைத்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து அழுத்தக் கூடாது, தன் கனத்திலேயே போகட்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்ப வேண்டும். ஐம்பது இழுப்புக்கு ஒருமுறை நீலம் வைத்துப் பார்ப்பது. புளியங்கொட்டை முதலில் நடுவுக்கு நகர்ந்தது, பிறகு பெரிதாகி, கடைசியில் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தவிர எல்லா இடத்திலும் புள்ளி புள்ளியாக நீலம். 800 நம்பரோடு நிறுத்தச் சொன்னார். நுண்ணிய கீறல்கள் இருக்கட்டும், அதைப் பேஸ்ட் நிரப்பிக்கொள்ளும். 400 நம்பர் தாளில் உள்ள துகளே சுமார் 35 மைக்ரான்தான், அது போடும் கீறல் அதில் ஒரு சின்னப் பங்கு. நாம் துரத்திக்கொண்டிருந்த பள்ளமோ 50 மைக்ரானுக்கு மேல். பளபளப்புக்காகச் செலவழித்த 1500, 2000 எல்லாம் போட்டோவுக்குத்தான் ஆனது.

இப்போது மூன்று முறை அளந்ததில் 38, 38, 37. நான்கு கோர்களும் இரண்டு டிகிரிக்குள் ஒன்றாக நின்றன. பேஸ்ட் மாற்றிய நிலையிலிருந்து ஐந்து டிகிரி இறக்கம். கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்த்தேன். 150 வாட்டுக்கு ஐந்து டிகிரி என்றால் வாட்டுக்கு 0.033 டிகிரி தடை குறைந்திருக்கிறது. பேஸ்டின் கடத்தும் திறன் 5 என்றும், சிலிக்கானிலிருந்து மூடிக்குள் சூடு கொஞ்சம் பரவி 4 சதுர செ.மீ. பரப்பில் மேலேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அது சுமார் 67 மைக்ரான் பேஸ்ட் காணாமல் போனதற்குச் சமம். ஃபீலர் கேஜ் 50க்கும் 100க்கும் நடுவே என்று சொல்லியிருந்தது. அந்த 4 சதுர செ.மீ. என் ஊகம்தான். ஆனாலும் இரண்டு தனி வழியில் வந்த எண்கள் ஒரே தெருவில் நிற்பதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. கூலரின் அடியையும் அதே கண்ணாடியில் தேய்த்ததில் இன்னும் இரண்டு டிகிரி குறைந்து 36இல் நின்றது.

ஆக மொத்தம் 11 டிகிரி. நாலு பேஸ்டுக்கு, ஐந்து மூடிக்கு, இரண்டு கூலருக்கு.

இதே வேலையை அடுத்த தலைமுறைகளில் செய்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது. க்யூ6600இல் மூடிக்குக் கீழே சால்டர் இருந்ததால் அடைப்பு மூடிக்கு மேலேதான் இருந்தது. 2012இல் ஐவி பிரிட்ஜ் என்ற தலைமுறை வந்தபோது இன்டெல் மூடிக்கு அடியில் சால்டரை எடுத்துவிட்டுப் பேஸ்ட் வைத்தது. அந்தத் தலைமுறையின் 3770கே ப்ராசஸர் வைத்திருந்தவர்கள் மேலே எவ்வளவு தேய்த்தாலும் சூடு கீழேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் மூடியையே கழற்றும் வழக்கம் பரவியது. 2018இல் 9900கே ப்ராசஸர் சால்டரோடு திரும்பி வந்தது, ஆனால் சிலிக்கான் தடித்துவிட்டது. ஜெர்மனியின் ரோமன் ஹார்ட்டுங், டெர்8அவர் என்ற பெயரில் அறியப்பட்டவர், அந்தச் சிலிக்கானையே தேய்த்துக் காட்டினார். 2020இல் 10ஆம் தலைமுறையில் இன்டெலே சிலிக்கானை 800 மைக்ரானிலிருந்து 500க்கு மெலிதாக்கி, அதை விளம்பரத்திலும் போட்டுக்கொண்டது.

2021 கடைசியில் வந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் சிக்கல் வேறு மாதிரி. நீளமான ப்ராசஸரைச் சாக்கெட்டின் கொக்கி நடுவில் இரண்டு பக்கமும் அழுத்துவதால், மட்டமாகவே வந்த மூடிகூட மாட்டியபின் வளைகிறது. கையில் வைத்துக்கொண்டு மட்டமாகத் தேய்த்து என்ன பயன், சாக்கெட்டுக்குள் போனதும் வளையப் போகிறது. அதற்கு மருந்து கொக்கியை எடுத்துவிட்டுச் சுற்றிலும் சமமாக அழுத்தும் காண்டாக்ட் ஃபிரேம். கூலர் செய்கிறவர்களும் மூடி மட்டமாக இருக்கும் என்று நம்புவதை விட்டுவிட்டார்கள். கூலர் கம்பெனியான நாக்டுவா 2024இல் தன் என்எச்-டி15 ஜி2 கூலரை, அடிப்பாகம் எவ்வளவு முதுகு தூக்கியிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து மூன்று விதமாக விற்க ஆரம்பித்தது. அந்த ஃபிட்டர் அண்ணனிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வாரோ.

தேய்த்த மூடிக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. நிக்கல் போன வெறும் செம்பின் மேல் காலியம் கலந்த லிக்விட் மெட்டலை (பேஸ்ட்டுக்குப் பதில் பூசும் திரவ உலோகம்) வைக்கும் ஆசை யாருக்கும் வரும். காலியம் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்புக்குள் இறங்கிவிடும், சில மாதத்தில் படலம் காய்ந்து மறுபடி பூச வேண்டியிருக்கும். நிக்கல் முலாம் அதற்கு ஒரு தடுப்பு. அதைத்தான் நாம் தேய்த்து எறிந்துவிட்டோம். சாதாரணப் பேஸ்ட்டுக்கு வெறும் செம்பு போதும்.

பையனின் அறைக்கு மெஷினைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரியாக ஒன்றே முக்காலுக்கு ப்ரைம்95ஐ ஓடவிட்டோம். அறை 35, கோர்கள் 71. இரண்டு மணி ஆனது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலத்திரை வரவில்லை. 2:10க்கு மொத்தத் திரையும் கறுப்பானது. பையன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். தலைக்கு மேலே ஃபேனும் மெதுவாக நின்றுகொண்டிருந்தது. கரண்ட் போயிருந்தது.